வெளுத்த வேர்



நம் பங்கைச் சேர்ந்த அக்கா ஒருவர், ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருப்பவர், போன மாதம் எனக்கு ஓர் ஆர்கிட் செடி கொடுத்தார். கலிம்போங்கிலிருந்து கூரியரில் வந்தது. தொட்டியில்லை, மண்ணில்லை. செய்தித்தாளில் சுற்றிய நான்கு தண்டுகள், அடியில் சேமியா மாதிரி வேர்கள். சில பழுப்பு, சில காகிதமாய் வெளுத்துச் சுருங்கியவை. காய்ந்த வேரை நீக்கிவிட்டுத்தான் நடவேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பிளேடை எடுத்து வெளுத்த ஒன்றை நறுக்கினேன். வெட்டுவாயில் பச்சை!

"தொட்டுப் பாக்காம வெட்டலாமா ஃபாதர்? தோலைத் தடவிப் பாக்காம நாங்க அதுமேல வெட்டுற டையை வைப்போமா?" என்றார் அக்கா.

பிறகு அவரே கேன் தண்ணீரில் வேர்களை இருபது நிமிடம் ஊறப்போட்டார். ஆர்கிட் வேருக்குப் பஞ்சு போல ஓர் உறை உண்டு. காய்ந்தால் வெளுக்கும், நீர் குடித்தால் உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும். வெளுத்தவை பெரும்பாலும் பச்சையாயின. பழுப்பு வேர்களோ விரலில் கொழகொழவென்று உரிந்து, நடுவில் நார் மட்டும் மிஞ்சியது. தீயில் காட்டிய பிளேடால் அவற்றை மட்டும் வெட்டி, வெட்டுவாயில் பட்டைத்தூள் தொட்டு வைத்தோம். துளையுள்ள தொட்டியில் அடுப்புக்கரியும் ஓட்டுச்சில்லும் போட்டு, ஆடாமல் குச்சியோடு கட்டினோம். மரத்தில் தொற்றி வாழும் செடி இது, மண்ணில் புதைத்தால் மூச்சுமுட்டி அழுகிவிடும். நம் போர் தண்ணீரின் உப்பும் ஆகாது. தோல் பதனிடும் டேனரிகளின் கழிவால் வந்த அந்த உப்பின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

இன்றைய நற்செய்தியில் (லூக்கா 13) மூன்று ஆண்டாகக் காய்க்காத அத்திமரத்துக்குத் தோட்டக்காரர் தவணை கேட்கிறார். சும்மா கேட்கவில்லை. கொத்தி எரு போடுகிறேன் என்று தன் உழைப்பை ஈடுவைத்துக் கேட்கிறார். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் டேனரிகளுக்குக் கொடுத்த தவணையும் இப்படித்தான்: நவம்பர் 30க்குள் கழிவுநீரைச் சுத்திகரிக்க வழிசெய், இல்லையேல் மூடு. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் வேறு.

வேலை போய்ச் சுருண்டு கிடக்கும் பையன், குடியை விட்டு இரண்டே வாரமான அண்ணன், கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட மருமகள். தொட்டுப் பார்க்காமலே எத்தனை பேரை நறுக்கியிருக்கிறோம்! பாலாற்றைச் செத்த ஆறு என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தோம், 2021 நவம்பரில் அதில் வெள்ளம் புரண்டோடியதைக் கரையில் நின்று பார்த்து வாய்பிளக்கும் வரை?

எல்லாவற்றையும் விட்டுவைக்கச் சொல்லவில்லை. கந்துவட்டி, சாதிப்பேச்சு, இவற்றை ஊறப்போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. தொட்டாலே நாறும்.

செடி பங்கு இல்லத் திண்ணையில் நிழலில் இருக்கிறது. நான் நறுக்கிய இடத்துக்குச் சற்று மேலே, பென்சில் முனையளவு ஒரு பச்சை நுனி. திருப்பலி முடிந்து வந்து பாருங்கள். அன்பு மிகுதியில் யாரும் எரு போட்டுவிடாதீர்கள், அது அத்திமரத்துக்கு. இதற்கு இன்னும் வேரே பிடிக்கவில்லை.