அறிவின் விலையும் அறிவின் கடனும்

ஆய்வுகூடத்திற் பிறக்கும் உண்மை யாருக்குச் சொந்தமானது என்னும் வினா இன்று பல்கலைக் கழகங்களின் வாயிலில் வந்து நிற்கின்றது. கண்டுபிடிப்பு எதுவாயினும் அது ஒரு கம்பனியாக, சந்தையில் விலைபோகும் பண்டமாக மாறவேண்டும் என்பது உலகெங்கும் உயர்கல்வியின் புதிய வேதமாகி வருகின்றது. நமது நாட்டுப் பல்கலைக் கழகங்களிலும் வணிகத் துறையோடு இணைப்பை ஏற்படுத்தும் பிரிவுகள் தோன்றியுள்ளன. ஆராய்ச்சி மக்களுக்குப் பயன்படவேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆயின் பயன்படுதலும் விற்பனையாதலும் ஒன்றுதானா?

அறிவு சந்தையின் பக்கமே செல்லலாகாது என்போர் சிலர் உளர். அக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. கனடாவிலுள்ள ரொறன்ரோப் பல்கலைக் கழகத்தில் 1921-22ஆம் ஆண்டுகளில் இன்சுலின் கண்டறியப்பட்டது. ஆய்வுகூடத்திலே தயாரிக்கக்கூடிய சிறிதளவு மருந்து விரல்விட்டு எண்ணத்தக்க நோயாளருக்கே போதுமானதாயிருந்தது. எனவே 1922இல் எலி லில்லி என்னும் அமெரிக்கக் கம்பனியின் துணை நாடப்பட்டது. தொழிற்சாலை இல்லையேல் அம்மருந்து உலகைச் சென்றடைந்திராது. ஆயினும், கண்டுபிடித்தோர் அப்போது செய்ததையும் நாம் மறத்தலாகாது. பாண்டிங், பெஸ்ட், கொலிப் ஆகிய மூவரும் பேட்டன்ட் எனப்படும் ஆக்கவுரிமையை ஆளுக்கொரு டொலருக்குப் பல்கலைக் கழகத்திடம் 1923இல் ஒப்படைத்தனர். பிறிதொருவர் அதனைத் தம் தனியுடைமையாக்கி ஏனையோரைத் தடுத்துவிடலாகாது என்பதே அவர்தம் நோக்கம். வேலி பயிருக்குக் காவலாக இடப்பட்டது.

வேலியின் நோக்கம் பின்னர் மாறியது. அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டு பே-டோல் சட்டம் நிறைவேறியது. அரசாங்கப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் உரிமையைப் பல்கலைக் கழகங்களே வைத்துக்கொள்ளவும், விரும்பினால் ஒரே கம்பனிக்குத் தனியுரிமையாக வழங்கவும் அது வழிசெய்தது. அரசின் கையிலிருந்த ஏறத்தாழ 28,000 ஆக்கவுரிமைகளுள் நூற்றுக்கு ஐந்துகூடப் பயன்பாட்டுக்கு வரவில்லை என்பது அதன் ஆதரவாளர் முன்வைத்த வாதம். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அலுமாரியில் உறங்கும் அறிவு யாருடைய பிணியையும் தீர்ப்பதில்லை. ஆனால் பொதுமக்கள் நலன் கருதி அரசு தலையிட்டுப் பிறருக்கும் உரிமம் வழங்கலாம் என்னும் விதியும் அதே சட்டத்தில் உண்டு. முதல் நாற்பது ஆண்டுகளில் அவ்விதி ஒருமுறையேனும் பயன்படுத்தப்படவில்லை. உறங்கிய அறிவை எழுப்பவந்த சட்டம் பொதுநலனை உறங்கச் செய்துவிட்டது.

இதன் விளைவை ஸ்டவுடின் என்னும் மருந்தின் வரலாறு காட்டும். புற்றுநோய்க்கு மருந்து தேடிய ஜெரோம் ஹோர்விட்ஸ் என்னும் விஞ்ஞானி 1960களில் இதனை ஆக்கினார். எயிட்ஸ் நோய்க் கிருமியை அது கட்டுப்படுத்தும் என்பதை 1980களில் யேல் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் வில்லியம் புரூசோவும் அவர்தம் சகாவும் கண்டனர். பல்கலைக் கழகம் ஆக்கவுரிமை பெற்று, பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குயிப் கம்பனிக்குத் தனியுரிமை வழங்கியது. 1994இல் மருந்து சந்தைக்கு வந்தது. யேலுக்கு ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டொலர் பங்குப்பணமாகக் கிடைத்தது.

2001ஆம் ஆண்டளவில் தென்னாபிரிக்காவில் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அக்கிருமித் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். மருந்து இருந்தது, அதனை வாங்கும் பணம் அவர்களிடம் இருக்கவில்லை. மலிவான மருந்தை அங்கு வழங்க அனுமதிக்குமாறு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அவ்வாண்டு பெப்ரவரியில் யேலைக் கேட்டது. உரிமை கம்பனியிடம் தரப்பட்டுவிட்டது, எனவே கம்பனியே முடிவுசெய்ய வேண்டும் என்பது பல்கலைக் கழகத்தின் முதல் மறுமொழி. மாணவர் வாளாவிருக்கவில்லை, கையொப்பம் திரட்டினர். முதிய பேராசிரியர் புரூசோவும் அவர் பக்கம் நின்றார். மார்ச் மாதத்திலேயே தென்னாபிரிக்காவில் தன் ஆக்கவுரிமையை வலியுறுத்தப் போவதில்லை என்று கம்பனி அறிவித்தது.

இங்கு சட்டம் மாறவில்லை. ஒப்பந்தமும் நீதிமன்றத்தால் முறிக்கப்படவில்லை. உரிமையை எழுதிக்கொடுத்தாலும் கடமையை எழுதிக்கொடுக்க முடியாது என்பதை மாணவர் நினைவூட்டினர், அவ்வளவே. அந்நிபந்தனை தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் இடம்பெற்றிருப்பின், கையொப்பம் திரட்டவேண்டிய தேவையே எழுந்திராது.

இலாபம் என்னும் தூண்டுதல் இல்லையேல் ஆராய்ச்சி ஏது என்று வினவுவோர் உளர். ஹோர்விட்ஸ் அம்மருந்தை ஆக்கியபோது அவர்முன் இருந்தது புற்றுநோய் என்னும் பிரச்சினையே. தூண்டுதல் உழைப்பை விரைவுபடுத்தலாம். ஆனால் எந்த வினாவை எழுப்புவது என்பதையும் அதுவே தீர்மானிக்கத் தொடங்கின், வாங்கும் வலியற்றோரின் நோய்கள் ஆய்வுகூடத்தின் படியேறுதல் அரிது.

நமது நாட்டிலும் வேறொரு பாதை வகுக்கப்பட்டதுண்டு. மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரானார். தேவையான மருந்துகள் எவை எனத் தெரிந்து, வணிகப் பெயரை விடுத்து மூலப்பெயரில், உலகச் சந்தையிற் போட்டி விலைகோரி மொத்தமாக வாங்கும் முறையை அவர் வகுத்தார். அவருடைய அறிவு பண்டமாகவில்லை, பொதுக் கொள்கையாயிற்று. சந்தையை அவர் புறக்கணிக்கவுமில்லை. அதனோடு மக்களின் சார்பில் பேரம் பேசினார்.

எனவே ஆய்வின் பேறு தொழிற்சாலைக்குச் செல்லட்டும். ஆனால் அதன் நிபந்தனைகள் பகிரங்கமாக இருத்தல் வேண்டும். வறியோருக்கு எட்டும் விலை ஒப்பந்தத்திலேயே எழுதப்படல் வேண்டும். ஆய்வு முடிவுகள் கம்பனியின் வசதிக்காக மறைக்கப்படலாகாது. 1945 முதல் இலவசக் கல்வியால் வளர்ந்தவர் நாம். தேயிலைக் கொழுந்து கொய்யும் பெண் வாங்கும் சீனியிலும் மாவிலும் அடங்கிய வரியும் நமது ஆய்வுகூடத்து விளக்குகளை எரியச் செய்துள்ளது. உரிமப் பத்திரத்தில் அவள் பெயர் இடம்பெறப் போவதில்லை. அதிற் கையொப்பமிடும் ஆசிரியரும், அருகில் நிற்கும் மாணவரும் அவள் சார்பில் ஒரு வரியையேனும் எழுதச் சொல்லி வற்புறுத்தக் கடமைப்பட்டவராவர்.