பலவீனமானவர்களைப் பேணுதல்: பணிவிடையும் கண்ணியமும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனது சாந்தியும் அருளும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

முதுமையடைந்த பெற்றோரிடம் 'சீ' என்றுகூடச் சொல்லக் கூடாது என்று 17வது அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. அவர்களுக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் எது பணிவிடை? நடக்கச் சிரமப்படும் ஒருவருக்கு எல்லாவற்றையும் நாமே செய்து முடித்துவிடுவதா? அல்லது, அவரால் இயன்றதை அவரே செய்துகொள்ள வழி அமைத்துக் கொடுப்பதா?

இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூல நோய் இருந்தது. எப்படித் தொழுவது என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நின்று தொழ வேண்டும், இயலாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் இயலாவிட்டால் விலாப்புறமாகப் படுத்துத் தொழலாம் என்று நபியவர்கள் வழிகாட்டினார்கள். இது புகாரியில் பதிவாகியுள்ளது.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, உடல் தளர்ந்தபோது தொழுகையின் வடிவம் அந்த உடலுக்கேற்ப மாறியது. இரண்டு, அவருடைய தொழுகையை வேறொருவர் தொழவில்லை. படுத்த நிலையிலும் அது அவருடைய தொழுகையாகவே இருந்தது. மார்க்கத்தின் தூணாகிய தொழுகையே உடலுக்காக இறங்கி வரும்போது, நம் வீட்டுப் படிக்கட்டு ஏன் இறங்கி வருவதில்லை?

வீடு யாருக்காகக் கட்டப்பட்டது?

பல வீடுகளில் வாப்பா உளூ செய்யப் பேரப்பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. உம்மா கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார். வெட்கத்தால் வெளியே சொல்வதில்லை. நாமோ வயதாகிவிட்டது என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அங்கே குறை வயதில் மட்டும் இல்லை, வழுக்கும் தரையிலும் இருக்கிறது.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. கழிப்பறைச் சுவரில் உறுதியான கைப்பிடிக் கம்பி, நாற்காலி உயரத்தில் உட்காரும் வசதி, வழுக்காத தரை, இரவில் எரியும் சிறு விளக்கு. உளூ செய்யும் குழாயருகே ஆடாத ஓர் இருக்கை. கழிப்பறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். வாசலில் சாய்தளம் அமைப்பதாக இருந்தால், ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் சக்கர நாற்காலியைத் தாமே தள்ளி ஏறுவது கடினம்.

யாரைக் கேட்டு முடிவு செய்கிறோம்?

அப்துல்லாஹ் பின் உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்றவர். அவர்களை நபி (ஸல்) அவர்கள் பாங்கு சொல்ல நியமித்தார்கள். தாம் பயணம் சென்றபோது மதீனாவின் பொறுப்பையும் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். வழி நடக்க ஒரு கை தேவைப்பட்டவரிடம் ஓர் ஊரே ஒப்படைக்கப்பட்டது. நாமோ, எந்த அறையில் படுப்பது, எந்த மகன் வீட்டில் இருப்பது, பணிப்பெண் வைப்பதா வேண்டாமா என்பதைக்கூட அவர்களைக் கேட்காமல் முடிவு செய்கிறோம். மாதத்திற்கு ஒரு வீடு என்று சுற்ற விடும்போது, அது அவர்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

"தனியாக விட்டால் விழுந்துவிடுவாரே" என்ற கவலை நியாயமானது. ஆபத்தைத் தடுப்பது நம் கடமை. ஆனால் விழாமல் இருக்கக் கம்பி பொருத்துவது வேறு, விழுவார் என்று கட்டிலோடு முடக்குவது வேறு. மறதி நோயால் முடிவெடுக்கும் தெளிவு குறைந்தவராக இருந்தால், தெளிவாக இருந்த காலத்தில் அவர் எதை விரும்பியிருப்பார் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். அப்போதும் எந்தச் சட்டை, எந்த உணவு என்ற சிறு தேர்வுகளை அவரிடமே விட்டுவிடலாம்.

கூலிக்கு ஆள் வைப்பது குற்றமல்ல. மொத்தச் சுமையையும் ஒருவர் தலையில் ஏற்றுவதுதான் அநீதி. பெற்றோரைப் பேணும் கடமை முதலில் பெற்ற பிள்ளைகளுடையது. மருமகள் செய்வது அவருடைய பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையைக் கடமையாக்கிவிட்டு, மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவதோடு நிம்மதியாக இருக்க முடியாது. பணம் அனுப்பட்டும், தினமும் பேசட்டும், மனைவிக்கு ஓய்வு கிடைக்கவும் ஏற்பாடு செய்யட்டும்.

எங்களுக்குப் பிறகு யார்?

முதியோர் மட்டுமல்ல. வளர்ந்த பிறகும் துணை தேவைப்படும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நம் ஜமாஅத்திலும் இருக்கிறார்கள். அவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழிசெய்கிறது. மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். தமிழகத்தில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இயன்முறை சிகிச்சையையும் வலி தணிக்கும் சிகிச்சையையும் வீட்டிற்கே கொண்டுவருகிறது. தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்புவது. இந்த ஏற்பாடுகளும் ஒட்டகத்தைக் கட்டுவதில் சேரும்.

சகோதரர்களே! நம் பள்ளிவாசலின் படிகளையும் ஒருமுறை பாருங்கள். பாங்கு கேட்டும் அந்தப் படிகளுக்குப் பயந்து வீட்டிலேயே அமர்ந்திருப்பவர் யார்? இன்று வீட்டிற்குப் போனதும் பெற்றோரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வீட்டில் உங்களுக்கு எது சிரமமாக இருக்கிறது?" பதிலை முழுமையாகக் கேளுங்கள். அடுத்த ஜும்ஆவுக்குள் அதில் ஒன்றையாவது சரி செய்யுங்கள்.

பலவீனமானவர்களைக் கண்ணியத்தோடு பேணும் நற்பேறை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக! நாம் பலவீனமாகும் நாளில் நம்மையும் கண்ணியத்தோடு வைத்திருப்பானாக! ஆமீன்.