ஐந்தாவது வட்டம்

வக்கீல் கோட்டு மாட்ட பார் கவுன்சில் அனுமதிக்க வேண்டும். டாக்டருக்கு மருத்துவக் கவுன்சில். வீட்டுக்குப் படம் போடும் ஆர்க்கிடெக்டுக்குக்கூட 1972-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது; கவுன்சிலில் பதியாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. பாலமும் அணையும் அடுக்குமாடியும் கட்டுகிற சிவில் இன்ஜினியருக்கு மட்டும் இந்தியாவில் அப்படியொரு நாடு தழுவிய பதிவும் இல்லை, உரிமத் தேர்வும் இல்லை. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் இன்ஜினியர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், மண் ஆய்வு நிபுணர் என்று வகைபிரித்துப் பதியச் சொல்கின்றன. பட்டத்தையும் அனுபவச் சான்றையும் பார்த்துப் பதிகிறார்கள். உட்காரவைத்து யாரும் கேள்வி கேட்பதில்லை.

அந்தக் காலி நாற்காலியில் எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்திருப்பது டி.என்.பி.எஸ்.சி.யின் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) தேர்வு. அது வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வுதான், உரிமம் தருவதல்ல. ஊர் அப்படிப் பார்க்காது. எங்கள் ஊரான சிலமலையில் ஒருவன் ஏ.இ. பாஸ் பண்ணினால் அன்றைக்குத்தான் இன்ஜினியர் ஆகிறான். அதுவரை, எத்தனை வீடு கட்டிக் கொடுத்திருந்தாலும், "சும்மா சைட்டு பாத்துக்கிட்டிருக்கான்." நான் இந்த இரண்டாம் ரகம். பகலில் போடியிலும் சுற்று வட்டாரத்திலும் வீட்டு வேலைகள்; ராத்திரி மொட்டை மாடியில் விளக்கைப் போட்டு, என்னைவிட இளையவர்கள் நாலைந்து பேரோடு பழைய வினாத்தாள்.

பாடத்தாளில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதற்கு மேல் தமிழ்த் தகுதித் தேர்வு, பொது அறிவு. மண் இயல், நீரியல், கான்கிரீட், சர்வே, சாலை என்று நாலு வருஷப் படிப்பை ஒரு காலைப் பொழுதில் தட்டிப் பார்க்கிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என்னை யோசிக்க வைத்தது விடைத்தாள்தான்.

ஓ.எம்.ஆர். தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டங்கள். ஏ, பி, சி, டி நாம் அறிந்தவை. ஐந்தாவதான 'இ' வட்டத்துக்கு அர்த்தம்: விடை தெரியவில்லை. எந்தக் கேள்வியையும் வெறுமனே விடக்கூடாது. தெரியாவிட்டால் தெரியாது என்று கறுப்பு மையால் நிரப்ப வேண்டும். முடிவில் ஏ எத்தனை, பி எத்தனை, இ எத்தனை என்று எண்ணியும் எழுத வைத்திருக்கிறார்கள்.

இது ஏதோ தத்துவ ஞானத்தில் பிறந்த ஏற்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். 2019-ல் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் சிலர் அழிந்துபோகும் மையால் எழுதிவிட்டு வர, பின்னால் சரியான விடையை நிரப்பிக் கொடுத்த மோசடி அடுத்த ஆண்டு வெளியே வந்தது. வெற்று வட்டம் இருந்தால்தானே பின்னால் நிரப்ப முடியும் என்று அதை அடைப்பதற்காகக் கொண்டுவந்த ஓட்டைமூடி இது. ஆனாலும், தெரியாது என்பதை ஒரு விடையாகவே ஏற்றுக்கொண்டு அதற்கென்று இடம் ஒதுக்கிய தேர்வு வேறு எதையும் நான் எழுதியதில்லை.

அந்த வட்டத்தை யாரும் நிரப்புவதில்லை என்பது அடுத்த வேடிக்கை. தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. நாற்பது கேள்விகளுக்கு விடை தெரியாமல் கண்ணை மூடிக் கறுப்பாக்கினாலும் சராசரியாகப் பத்து சரியாக விழும், பதினைந்து மதிப்பெண். பதினைந்து மதிப்பெண்ணுக்குள் எத்தனை பேர் வரிசை கட்டி நிற்பார்கள் என்பது கட்-ஆஃப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாற்பதிலும் உண்மையைச் சொல்லி 'இ' போட்டால் சுத்தமாகப் பூஜ்யம். எந்தப் பயிற்சி வகுப்பிலும் முதல் நாள் சொல்லித் தருவது இதைத்தான்: 'இ' பக்கமே போகாதே. இன்ஜினியர்கள் எழுதும் கேட் தேர்வில் கதை வேறு. அங்கே நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் கேள்வி தப்பானால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு அங்கே மரியாதை உண்டு.

ஆக, வருஷக்கணக்காக நாங்கள் பழகுவது தெரியாத இடத்தில் தெரிந்ததுபோல் நிரப்புவதை. கை அதற்குப் பழகிவிடுகிறது. சைட்டுக்குப் போனால் அந்தக் கை என்ன செய்யும் என்பதுதான் என் கேள்வி.

எங்கள் ஊரை ஒட்டி மலையடிவாரத்தில் ஓடையோரம் மனை வாங்கிய ஒருவர் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"தம்பி, பில்லருக்கு எத்தனை அடி தோண்டணும்?"

"குழி போட்டு மண்ணைப் பாத்துட்டுச் சொல்றேண்ணே. ஓடையத் தூத்த எடம் மாதிரி தெரியுது."

"அப்ப ஒனக்குத் தெரியாதா?"

"இப்பத் தெரியாதுண்ணே."

அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, ஏமாற்றம்தான். இன்னொருவர் போனிலேயே அஞ்சரை அடி என்று சொல்லிவிட்டாராம். வேலை அவருக்குப் போனது. வீடு எழும்பி, பால் காய்ச்சி, இன்றைக்கும் நன்றாகத்தான் நிற்கிறது. சங்கடமே அதுதான். ஊகம் பெரும்பாலும் பலிக்கும். பலிக்கிற ஒவ்வொரு தடவையும் ஊகித்தவருக்கு அது அறிவாகத் தோன்றும். பரீட்சையிலாவது விடைக் குறிப்பு வந்து, எது தெரிந்து எழுதியது எது விழுந்தது என்று காட்டிக் கொடுக்கும். மண்ணுக்கடியில் விடைக் குறிப்பு வருவதே இல்லை. வந்தால் விரிசலாக வரும்.

கலிபோர்னியாவில் இன்ஜினியர் உரிமம் பிறந்த கதையும் இப்படி ஒரு ஊகத்தில்தான் போய் நிற்கிறது. அமெரிக்காவில் வயோமிங் மாநிலம் 1907-லேயே இன்ஜினியர் உரிமச் சட்டம் கொண்டுவந்தது. கலிபோர்னியாவில் அப்போது இல்லை. அங்கே லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்த வில்லியம் மல்ஹாலண்ட் அயர்லாந்திலிருந்து வந்து, வாய்க்கால் காவல்காரராக வேலைக்குச் சேர்ந்து, தானே புத்தகம் படித்து இன்ஜினியர் ஆனவர். 1913-ல் முன்னூற்று எழுபது கிலோமீட்டருக்கு மேல் நீளமான கால்வாயை வெட்டி முடித்தவர். சும்மா ஆள் இல்லை. அவர் கட்டிய செயின்ட் பிரான்சிஸ் அணையில் கலங்கல் தண்ணீர் கசிகிறது என்று காவலாளி சொல்ல, 1928 மார்ச் 12 காலையில் நேரில் போய்ப் பார்த்தார். கலங்கல் பாதை மண்ணால் வந்தது, அணைக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் அணை உடைந்தது. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரிய அணை ஒன்றைத் தனியொரு மனிதரின் தீர்ப்புக்கு விடக்கூடாது என்று விசாரணை முடிவு சொன்னது. அடுத்த ஆண்டே கலிபோர்னியாவில் சிவில் இன்ஜினியர் பதிவுச் சட்டமும் அணைப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன.

மல்ஹாலண்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வரும் யோசனை: பரீட்சை வைத்திருந்தால் அவர் பாஸாகியிருப்பார். அவருக்குப் படிப்பு குறைவு என்று சொல்வது சுலபம். அணையின் கிழக்குத் தோள் சாய்ந்திருந்த மலைச்சரிவே பழைய நிலச்சரிவு என்பதை அன்றைய நிலவியல் அறிவு கண்டுகொள்ளவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது இன்னொரு சூத்திரமல்ல. "எனக்குப் புரியவில்லை, இன்னொருவரைக் கூப்பிடுவோம், அதுவரை தண்ணீரை இறக்குவோம்" என்று அந்தக் காலையில் சொல்லியிருக்க வேண்டும். அத்தனை சாதித்த ஆளுக்கு அதைச் சொல்வதுதான் கஷ்டம். சைட்டு பார்க்கிற எனக்கே ஒரு மனைக்காரரிடம் சொல்ல வாய் கூசுகிறதே.

அணை என்றால் தேனி மாவட்டத்தில் பேச்சு பென்னிகுவிக்கில் வந்து முடியாமல் இருக்காது. ஜனவரி 15 அவர் பிறந்தநாள் என்று பொங்கல் வைக்கிறோம். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயர். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தில் அவர் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதே வருஷம் ஏப்ரலில் பிரான்சில் பூசே என்ற அணை உடைந்தது. அதை ஆராய்ந்தபோதுதான் அணைக்குள்ளும் அடியிலும் புகுந்த தண்ணீர் அதை மேல்நோக்கித் தூக்கும் என்பது கணக்கில் அழுத்தமாக ஏறியது. இன்று 'அப்லிஃப்ட்' என்று ஒற்றை வரிக் கேள்வியாக எங்கள் வினாத்தாளில் வருவது அதுதான். பெரியாறு அணை வரையப்பட்ட காலத்தில் அணைக் கணக்குகளில் அதற்குப் பெரும்பாலும் இடமே இல்லை.

அந்தத் தலைமுறைக்குத் தெரியாததைப் பின்வந்தவர்கள் மறைக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். 1979-க்குப் பிறகு அணையின் தலையில் கான்கிரீட் சுமை ஏற்றினார்கள்; மேலிருந்து துளையிட்டு அடிப்பாறையில் எஃகு வடங்களை ஊன்றி முறுக்கிக் கட்டினார்கள்; பின்புறம் கான்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை தேக்கலாம் என்று சொன்னதற்கு முன்னால் இந்த வேலையெல்லாம் நடந்திருக்கிறது. பென்னிகுவிக் படத்துக்கு மாலை போடும்போது, துளை போட்ட அந்தப் பெயர் தெரியாத இன்ஜினியர்களுக்கும் ஒரு பூ வைக்கலாம் என்று எனக்குத் தோன்றும். கட்டியவரைக் கும்பிடுகிற ஊரில் சோதித்தவருக்கு மண்டபம் எழும்புவதில்லை.

கான்கிரீட் வடிவமைப்புக்கு நாம் வைத்திருக்கும் ஐ.எஸ். 456 தரநிலையே தெரியாமையை ஒப்புக்கொண்டு எழுதிய நூல்தான். சுமையை 1.5-ஆல் பெருக்கு. கான்கிரீட்டின் வலிமையை 1.5-ஆல் வகு. கம்பிக்கு 1.15 போதும், அது ஆலையில் வருகிறது, கான்கிரீட் நம் கையில் சைட்டில் பிறக்கிறது, அதனால் அதன்மேல் சந்தேகம் அதிகம். இந்த எண்களை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அவை எதற்கு என்று கேட்டால் "கோட்ல இருக்குண்ணே" என்பார்கள். எவ்வளவு தெரியாது என்பதை அளந்து எழுதிவைத்த எண்களை, தெரிந்த விடையாக மனப்பாடம் செய்து ஒன்றரை மதிப்பெண் வாங்குகிறோம்.

மலைக்குப் போனால் இந்த 1.5 எல்லாம் சின்ன எண். போடிமெட்டு தாண்டி மூணாறு போகும் நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது கேப் ரோடு பகுதியில் 2019-லும் 2020-லும் பாறை திரும்பத் திரும்பச் சரிந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, இந்த மலைப்பாதையில் வளைவு வளைவாக ஏறித்தான் ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகிறார்கள். வெட்டிய சரிவு நிற்குமா என்று எங்கோ ஒருவர் தாளில் கணக்குப் போட்டிருப்பார். அந்தத் தாளில் ஐந்தாவது வட்டம் இருந்ததா, அதை நிரப்பத் தோதான சூழல் அவருக்கு இருந்ததா என்பது ஜீப்பில் போகிறவர்களுக்குத் தெரிய வழியில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இன்றைய அமெரிக்க பி.இ. (புரொஃபஷனல் இன்ஜினியர்) உரிமத் தேர்விலும் தப்புக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. அங்கேயும் ஊகம் இலவசம்தான். ஆனால் அங்கே உரிமம் கைக்கு வருமுன், ஏற்கெனவே உரிமம் பெற்ற ஒருவரின் கீழ் பொதுவாக நாலு வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். சூத்திரப் புத்தகத்தைத் தேர்வுத் திரையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். தன் படிப்புக்கும் அனுபவத்துக்கும் உட்பட்ட வேலையை மட்டுமே ஏற்க வேண்டும் என்று தொழில் விதி சொல்கிறது. 'தெரியாது' என்பதைத் தேர்வில் தேடாமல் தொழிலில் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அது வந்திருப்பது விடைத்தாளில் மட்டும்தான், அதுவும் நிரப்பினால் நஷ்டம் என்ற நிபந்தனையோடு.

இதையெல்லாம் மொட்டை மாடியில் ஒருநாள் சொன்னபோது எங்கள் குழுவில் படிக்கும் பெண் ஒருத்தி உடனே மறித்தாள். அவள் அம்மா தோட்டத்துக்குப் போகிறவர். "அண்ணே, நீங்க சம்பாதிச்சுக்கிட்டே படிக்கிறீங்க. நான் 'இ' போட்டு யோக்கியமா இருந்தா எங்கம்மா இன்னும் எத்தனை வருஷம் ஜீப்ல ஏறணும்?" பதில் சொல்ல முடியாத கேள்வி. அவள் ஊகித்துத்தான் நிரப்ப வேண்டும். நானும் அப்படித்தான் செய்யப்போகிறேன். வேலை கிடைத்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகாவது தெரியாது என்று சொல்லும் தெம்பு மிஞ்சியிருக்குமா என்பதில்தான் எனக்கும் அவளுக்கும் பேச்சு நீண்டது. தெம்பு தானாக மிஞ்சாது, தினம் பழகினால்தான் என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. பழகுவதால் நஷ்டம் ஒன்றுமில்லை என்ற அளவுக்கு இறங்கி வந்தாள்.

அதனால் இப்போது மாதிரித் தேர்வுகளில் ஒரு வழக்கம். எல்லோரும் எல்லா வட்டத்தையும் நிரப்புகிறோம், ஊகித்தாவது. ஊகித்த கேள்விக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு புள்ளி. திருத்தும்போது சரியாக விழுந்திருந்தாலும் புள்ளி வைத்த கேள்வியைத் தெரிந்ததாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. முதலில் பையன்கள் புள்ளியைக் குறைத்துக் காட்டினார்கள். பிறகு விட்டுவிட்டார்கள், யார் எதைச் சொல்லித் தரவேண்டும் என்று தெரிவதற்கு அது சௌகரியமாக இருந்தது. சல்லடைப் பகுப்பாய்வில் அந்தப் பெண் புள்ளியே வைப்பதில்லை. எட்டு மில்லி, ஏழு மில்லி என்று ஏலக்காயைச் சலித்துப் பிரிக்கிற வீட்டுக்காரி அவள். எனக்கு அதிகப் புள்ளிகள் விழுவது சாலைப் பாடத்தில். குழு மொத்தத்துக்கும் விழுவது மண் இயலில். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்துதான் தொடங்குகிறோம். கடப்பாரையோடு ஓடைக்கரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.