வேலி கடந்த வேட்டை

ஒருவனுக்கு உரிய நிலத்திலே, அவன் உடன்பாடின்றி, மற்றொருவன் துப்பாக்கியோடு புகுந்து ஆங்குள்ள பறவைகளையும் விலங்குகளையும் கொல்லுகின்றான். நிலத்துக்குரியவன் செய்யத்தக்கது யாது? அவனைத் தாக்கித் துரத்தலா, பொறுத்து வாளாவிருத்தலா, அரசினரிடத்து முறையிடலா? இவ்வினா, மேலாக நோக்குமிடத்து, வழக்குமன்றத்துக்கே உரியது போலத் தோன்றும். ஆழ்ந்து நோக்குவார்க்கோ, உடைமையென்பது யாது, அருளென்பது யாது, பொறுமை எவ்விடத்துச் செல்லும் எவ்விடத்துச் செல்லாது என்னும் பெரிய வினாக்கள் இதனுள்ளே அடங்கிக் கிடத்தல் புலனாம். ஆதலின் இதனைச் சைவப் பள்ளிக்கூட ஆசிரியர்கள் முன்னிலையில் வைத்துச் சிறிது ஆராயப் புகுந்தாம்.

வெள்ளவத்தையிலே கடலோசையும் காலி வீதியின் வண்டியோசையும் கேட்டு வாழும் நமக்கு வேட்டைக்காரரோடு யாது தொடர்பு என்பாருமுளர். நம்மவருட் பலருக்கு யாழ்ப்பாணத்திலே பனங்காணியும், வன்னியிலும் மட்டக்களப்பிலும் வயலும் முன்னோர்வழி வந்த உடைமைகளாக உள்ளன. உரியவன் தொலைவிலிருக்கும் நிலமே வேட்டைக்காரன் எளிதிற் புகும் நிலமாம். அன்றியும், நிலமில்லாதாரும் அந்நிலங்களில் விளைந்த நெல்லை உண்ணாதிருக்கின்றாரல்லர். ஆதலின் இவ்வினா நம் எல்லார்க்கும் உரியதே.

இதற்குச் சான்றாகத் தமிழகத்திலே நிகழ்ந்ததொரு வரலாற்றை முதற்கண் எடுத்துக்கொள்வாம். செங்கற்பட்டுப் பகுதியில் வேடந்தாங்கல் என்றொரு சிற்றூர் உளது. அதன் ஏரி ஏறக்குறைய 30 எக்டேயர் பரப்புடையது. மாரிக்காலத்து அவ்வேரி நிறைய, நீர்நடுவே நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாண்மூக்கன், நீர்க்காகம் முதலிய பறவைகள் பல்லாயிரமாக வந்து கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அவ்விடம் அப்பகுதி நிலக்கிழார்க்கு வேட்டைக்களமாயிருந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர் சிலர் ஆங்குப் புகுந்து பறவைகளைச் சுட்டனர். ஊரார் அவரோடு கைகலந்து போராடவில்லை, அஞ்சி ஒதுங்கவுமில்லை. செங்கற்பட்டுக்குச் சென்று கலெக்டரிடம் முறையிட்டனர். அதன் பயனாக 1798ஆம் ஆண்டிலே, கலெக்டர் லயனல் பிளேஸ் என்பார், அவ்வேரியிற் பறவைகளை எவருஞ் சுடலாகாதென்னும் கவுல் ஒன்றை ஊரார்க்கு வழங்கினார். 1858இல் ஊரார் மீட்டும் வேண்ட, அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. 1936இல் அவ்வேரி பறவைகளின் புகலிடமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2022இல் உலகப் பெருமதிப்புடைய ஈரநிலங்களைப் பேணும் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலிலும் இடம்பெற்றது. படையுடைய அரசினரைப் படையில்லாத உழவர் ஒரு முறையீட்டினால் இணங்கச் செய்த வரலாறு இது.

ஈண்டு ஒரு தடை எழும். வேடந்தாங்கல் உழவர் பறவைகளைக் காத்தது அருளினாலன்று. பயன் கருதியே என்பர் சிலர். பறவைகளின் எச்சம் ஏரிநீரிற் கலந்து அந்நீரை உரமுடையதாக்கும். அந்நீர் பாயும் வயல் நன்கு விளையும். இதனை அவ்வூரார் நெடுங்காலமாக அறிவர். ஆகவே, தம் விளைச்சலைக் காத்தாரை அருளாளரென்று போற்றுதல் மிகையன்றோ என்பது தடை.

பயனிருந்தது உண்மையே. அதனை மறைத்தல் வேண்டா. ஆயின் பயன் ஒன்றே காரணமாயின், பயன் குறைந்தவழிக் காப்பும் ஒழிதல் வேண்டும். செயற்கை உரம் மலிந்த பின்னரும் அவ்வூரார் அக்காவலைக் கைவிட்டாரல்லர். சிவகங்கைப் பகுதியில் வேட்டங்குடி ஏரியை அடுத்த ஊரார், பறவைகள் அஞ்சுமென்று தீபாவளியன்றும் வெடி கொளுத்தாதிருக்கின்றனர். தம் சிறுவர்க்கு ஆண்டிலொருநாள் வாய்க்கும் மகிழ்ச்சியை விட்டுக்கொடுத்தற்கு உரத்தின் பெறுமதி ஒரு காரணமாகாது. பயனிலே தொடங்கிய பழக்கம் தலைமுறை தலைமுறையாகப் பயின்று அன்பாக முதிர்தல் உலகியல்பு. தாய்க்குப் பால் சுரப்பின் வருத்தந் தீர்தலும், குழவிக்குப் பசி தீர்தலும் ஒருங்கே நிகழ்தலால், தாயன்பு பொய்யென்பார் யாவர்? உயிர்கள் ஒன்றற்கொன்று உதவுமாறு அமைந்த உலகத்திலே, பயனும் அருளும் பகையல்ல.

இனி, அவ்வூரார் எவ்வுரிமை பற்றி வேட்டையைத் தடுத்தனர்? நிலம் எமது, ஆதலால் அதில் வரும் பறவையும் எமது என்பது ஒருவகை வழக்கு. இவ்வழக்கின் வலி சிறிது, ஏதம் பெரிது. தொலைதூரத்திலிருந்து பறந்து வந்து சில திங்கள் தங்கிச் செல்லும் பறவைக்கு நம் வேலியுந் தெரியாது, உறுதியுந் தெரியாது. அன்றியும், உடைமையே தடுத்தற்குக் காரணமாயின், உடையவன் விரும்பியவழிக் கொல்லுதற்கும் கூலிபெற்றுக் கொல்லவிடுதற்கும் அதுவே காரணமாய்விடும். வேடந்தாங்கலை முன்னர் வேட்டைக்களமாக வைத்திருந்தவரும் நிலக்கிழாரே என்பதை மறவற்க.

நம் இலங்கையின் வரலாறும் இதனையே காட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே காடுகளைத் தன் உடைமையெனக் கொண்ட ஆங்கில அரசு, யானையைக் கொல்வார்க்குப் பரிசளித்தது. 1848க்கு முன் மூன்றாண்டுக்குங் குறைந்த காலத்திலே, வடபகுதியில் மாத்திரம் 3,500க்கு மேற்பட்ட யானைகளுக்கு இவ்வாறு பரிசு கொடுக்கப்பட்டதென எமர்சன் தெனன்ற் எழுதியுள்ளார். மேஜர் ரொஜர்ஸ் என்னும் அலுவலர் ஒருவரே 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றாரென்பர். அவர் 1845இல் அப்புத்தளையில் இடிவீழ்ந்து இறந்தார். அவர் எவருடைய வேலியையும் சட்டத்துக்கு மாறாகக் கடந்தவரல்லர். நிலமுடைய அரசின் இசைவோடு கொன்றவர். ஆகவே உத்தரவின்றிப் புகுதல் வேட்டையின் குற்றங்களுள் ஒன்றேயன்றி முதற்குற்றம் அன்று. உடைமை உயிரைக் காத்தற்கு ஒரு கருவியாகலாம், உயிருக்கு விலையாகலாகாது. உயிர்களை உடையவன் இறைவன் ஒருவனே என்பது நம் சமயத்தின் துணிபு. நிலமுடையானுக்கு அவற்றின்மேலுள்ளது காவற்கடமை; உடைமையுரிமையன்று.

அங்ஙனமாயின், காவலன் எம்முறையாற் காத்தல் வேண்டும்? சினத்தினாலே தடியெடுப்பார் ஒருசாரார். மெய்ப்பொருணாயனார் தம்மைக் குத்திய முத்தநாதனைத் தண்டியாது, ஏதமின்றி ஊரெல்லை கடக்கச் செய்தாராதலின், யாமும் வேட்டைக்காரனைப் பொறுத்தல் வேண்டுமென்பார் மற்றொருசாரார். இவ்விரண்டாவது கூற்று ஆசிரியர் பலர் உள்ளத்தும் எழக்கூடியது. ஆதலின் நுணுகி நோக்கற்பாலது.

நாயனார் பொறுத்தது தமக்கு நேர்ந்த துன்பத்தை. தம் நாட்டு ஏழையொருவனை முத்தநாதன் குத்தியிருப்பின், அத்துன்பத்தைப் பொறுக்கும் உரிமை நாயனார்க்கு இல்லை. அரசராகிய அவர் அதனைத் தடுத்தற்கே கடமைப்பட்டவர். நாரை பட்ட துன்பத்தை நாரைக்காக நாம் மன்னித்தல், பிறன் பொருளை எடுத்துத் தானஞ் செய்தல் போல்வதாம். ஆதலின் நாம் பொறுத்தற்குரியது வேட்டைக்காரன் நம்மை ஏசிய ஏச்சும், நம் வேலியை முறித்த இழப்புமே, அவன் கொலைத்தொழிலன்று. நாயனாரிடத்து நாம் கற்கவேண்டுவது வேறொன்று. தீங்கு செய்தானிடத்தும் பகை கொள்ளாமையும், அவனுடம்புக்குப் பிறரால் ஏதம் வாராது காத்தலுமாம். செயலைத் தடுத்தலும் செய்தானை வெறாமையும் ஒருங்கு நிற்கக்கூடியவை.

சட்டமும் இவ்வழியே செல்கின்றது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, குற்றஞ்செய்யும் எண்ணத்தோடாயினும், உடையானை அச்சுறுத்தவோ அவமதிக்கவோ தொல்லைப்படுத்தவோ எண்ணியாயினும் பிறன் நிலத்துப் புகுதலைக் குற்றமென்று வகுத்தது. தன் உடைமையைக் காக்கும் உரிமையையும் அது நல்குகின்றது. ஆயின் காத்தற்கு வேண்டும் அளவைக் கடந்து துன்பமிழைத்தற்கு இடந்தரவில்லை. விலங்குகளையும் தாவரங்களையும் காத்தற்கென 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் உளது. சட்டம் இருந்தும் பயன் தோன்றக் காணோமே என்பார்க்கு, இராசத்தானத்துச் செய்தியொன்று மறுமொழியாகும். 1998ஆம் ஆண்டு அக்டோபரிலே, சோத்பூரை அடுத்த காங்காணி என்னும் ஊரருகே இரவில் வெடியோசை கேட்டது. மரத்தையும் மானையும் காத்தலைச் சமயவொழுக்கமாகக் கொண்ட பிசுணோயி மக்கள் விரைந்து சென்றனர். வண்டியொன்று தப்பியோடிற்று, புல்வாய் மான்கள் இறந்து கிடந்தன. குற்றஞ்சாட்டப்பட்டவர் இந்தியா முழுதும் புகழ்பெற்ற திரைப்பட நடிகர். அம்மக்கள் கண்டதைக் கண்டவாறே சொல்லிச் சான்றில் உறுதியாய் நின்றனர். 2018ஆம் ஆண்டு ஏப்ரலிலே வழக்குமன்றம் அந்நடிகருக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் மேல்முறையீடு செய்தார். செல்வமும் புகழும் எதிர்நிற்க, இருபதாண்டு அளவும் சோராது நின்ற அவ்வுறுதியே மெய்யான பொறுமை. வாளாவிருத்தலைப் பொறுமையென்று கொள்வார் இதனைச் சிந்திப்பாராக.

இதுகாறும் கூறியது பொழுதுபோக்குக்காகக் கொல்வாரைப் பற்றியது. வேலி கடந்து வருவார் அனைவரும் அத்தகையரல்லர். வறுமையினாலே இறைச்சி தேடி வருவோனும் உளன். கண்ணப்பநாயனார் வேடர் குலத்தவர். அவர் ஊனமுதினை இறைவன் உவந்து ஏற்றமையை அறிந்த சைவர், வேட்டுவரென்று எவரையும் இழித்துரைத்தல் தகாது. வறியவனுக்கு முதலிற் காட்டத்தக்கது காவற்சாலையன்று, வேலையும் உணவுமாம். அவை கொடாது அவனைத் தண்டிக்க மட்டும் முந்துவோன், உயிர்மேல் அருளுடையான் போன்று தன் வேலிமேல் அன்புடையானாவன்.

மற்றொரு செய்தி நம் நெஞ்சைச் சுடுவது. 2020ஆம் ஆண்டு மே மாதத்திலே, மலைநாட்டு நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தையொன்று கம்பிச் சுருக்கிற் கழுத்து அகப்பட்டு மீட்கப்பட்டது. உடவளவைக்குக் கொண்டுசென்று மருத்துவஞ் செய்தும் உயிர் பிழைத்திலது. இத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கென இடப்படுவன; அகப்படுவது எவ்வுயிரெனச் சுருக்கு அறியாது. தீனியுள் வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் ஹக்கபட்டாசும் அன்னதே. அதனைக் கடித்து வாய் சிதைந்த யானைகள் உண்ணமாட்டாது பலநாள் வருந்தி இறக்கின்றன. துப்பாக்கியோடு புகுந்தவனை நம் நிலத்தினின்றும் விலக்கிவிட்டு, அந்நிலத்திலே நாமே சுருக்கிடுவோமாயின், நாம் விலக்கியது வேட்டையையன்று, போட்டியாளனையே.

பன்றியும் யானையும் பயிரை அழித்தலால் உழவன் படும் துயரம் பொய்யன்று. ஓரிரவில் ஓராண்டு உழைப்பு அழிதல் கூடும். அருளைப் பேசும் நகரத்தார், அதன் செலவை உழவன் தலையிலே சுமத்திவிட்டுத் தாம் புண்ணியம் பெற நினைத்தல் நீதியன்று. தொலைவிலிருக்கும் நிலக்காரர், தம் நிலத்தைப் பயிரிடுவோர்க்கு வேலிக்கும் பரணுக்கும் இராக்காவலுக்கும் வேண்டும் பொருளை மனமுவந்து கொடுத்தல் வேண்டும். பயிரழிந்த ஆண்டிலே குத்தகையைக் குறைத்தல் வேண்டும். இவற்றைச் செய்தபின்னரே சுருக்கிடாதே என்னுஞ் சொல் அவர் வாயில் அழகுபெறும்.

ஆசிரியர்காள்! இவ்வறம் பிள்ளைகள் உள்ளத்திலே வேரூன்றுவது உங்கள் கையில் உளது. பரஞ்சோதி முனிவரது திருவிளையாடற் புராணத்திலே, பன்றிக்குட்டிகளுக்கு முலைகொடுத்த கதையை நீவிர் கற்பிக்கின்றீர். பாண்டியன் வேட்டையிலே தாய்ப்பன்றி இறந்தது. பன்னிரண்டு குட்டிகள் பாலின்றித் துடித்தன. இறைவன் தாய்ப்பன்றியின் வடிவங்கொண்டு வந்து பாலூட்டினான். அக்குட்டிகளின் முற்பிறப்பையும், பின் அவை அமைச்சரானமையையும் சொல்லி முடித்தலோடு அமையாது, அரசன் வில்லுக்குப் பின்னே அநாதைகளாய் நின்ற குட்டிகளை எண்ணுமாறு பிள்ளைகளைத் தூண்டுக. கெற்றப்போல் கொண்டு அணிலையும் புலுனியையும் அடிக்கும் சிறுவனுக்கு, அக்கூட்டில் காத்திருக்கும் குஞ்சு எத்தனையென்று கேட்கும் ஒரு வினா, பிரம்படி பத்தினும் வலிது. 2018இல் ஈரநில நகரென ராம்சார் உடன்படிக்கையார் ஏற்றுக்கொண்ட கொழும்பிலே வாழும் பிள்ளைகளுக்கு, வெள்ளவத்தைக் கால்வாயோரத்து நிற்கும் கொக்கும் ஒரு பாடமே.

மற்றொன்றும் செய்யலாம். கடிதம் எழுதும் பயிற்சியிலே, தம் ஊர்க்குளத்துப் பறவைகளைக் காக்குமாறு அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் எழுதச் சொல்லுக. சினவாது, மிகைகூறாது, நிகழ்ந்ததை நாளும் இடமும் குறித்து எழுதப் பழகிய பிள்ளை, வளர்ந்தபின் தடியெடாது, தலைகுனிந்து ஒதுங்கவுமாட்டாது. 1798இல் வேடந்தாங்கல் உழவர் செய்தது அத்தகைய முறையீடே. அவர் பெற்ற சொல்லுறுதியின் நிழலிலே இருநூறாண்டுக்கு மேலாக நாரைகள் குஞ்சு பொரிக்கின்றன. அத்தகைய உறுதி நம் பிள்ளைகளிடத்தும் வளர்தற்கு இறைவன் திருவருள் முன்னிற்பதாக.