தோல், தாளம், தீட்டு

தோல் தீட்டு என்னும் நம்பிக்கைக்கு மூன்று இருப்பிடங்கள் இருக்கலாம்: பொருள், வேலை, பிறப்பு. தாளக்கருவிகளும் பாலாற்றங்கரைத் தோல் தொழிலும் இம்மூன்றையும் சோதிக்க இடம் தருகின்றன.

முதலில் பொருள். பெரியபுராணம் சொல்லும் ஆதனூர் நந்தனார், சிவன் கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தவர். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் முழங்கியது. அவரோ வெளியே நின்று வணங்கினார். மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்களால் ஆன மிருதங்கமும் சரஸ்வதி பூஜையில் வணங்கப்படுகிறது. எனவே தீட்டு பொருளில் இல்லை.

அடுத்தது வேலை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் தொழிலை வளர்த்தவர்களில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் முக்கியமானவர்கள். இஸ்லாமியச் சட்ட மரபின் பெரும்பான்மைக் கருத்துப்படி, பதனிடுதல் செத்த விலங்கின் தோலையும் தூய்மையாக்கும். சாதி மரபிலோ, பதனிடுபவரையே அந்த வேலை தீட்டாக்கும். ஒரே வேலைக்கு இரு எதிர்த் தீர்ப்புகள் இருப்பதால், தீட்டு வேலையின் இயல்பும் அல்ல.

எஞ்சுவது பிறப்பு. விலங்குத் தோலே இல்லாத தாளக்கருவிகளை வைத்து இதைச் சோதிக்கலாம். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் டிரம்ஸுக்குத் தோலுக்குப் பதில் பாலியஸ்டர் படலம் வந்தது. டிரம்ஸ் கலைஞர் சிவமணியை எடுத்துக்கொள்வோம். டிரம்மர் எஸ்.எம். ஆனந்தனின் மகனான அவர், ஏ.ஆர். ரகுமானோடு 'ரூட்ஸ்' இசைக்குழுவில் வாசித்தார். திரைப்பாடல் ஒலிப்பதிவுகளில் பல இசையமைப்பாளர்களுக்கு வாசித்தார். வாளியும் பெட்டியும் அவர் மேடையில் வாத்தியமாயின. 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். தந்தை செய்த தொழில்தான் என்றாலும், ஒலிப்பதிவில் வாசிக்கும் கலைஞரின் உழைப்பு கால்ஷீட்டுக்கு விலைபேசப்படுகிறது, வேண்டாமென்றால் மறுக்கலாம். சாவு வீட்டில் பறையடிப்பதோ பல ஊர்களில் ஒரு சாதியின் கடமையாகச் சுமத்தப்பட்டது. இன்று பறைக்கும் செயற்கைத் தோல் வந்துவிட்டது. ஆனால் அதனால் மட்டும் இழிவு அகலவில்லை. சாவுக்குப் பறையடிக்க மறுத்த தலித் போராட்டங்கள் எதிர்த்தது கருவியை அல்ல, பிறப்பால் சுமத்தப்பட்ட கட்டாயத்தை.

தீட்டுக்கு மாறாக, மாசு அளக்கக் கூடியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகளே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்றது. மாசின் பொறுப்பு அதை உண்டாக்கியவரைச் சேர்கிறது. தீட்டோ, பிறர் பயன்படுத்தும் பொருளைச் செய்து தருபவர் மீது விழுகிறது. செயலுக்கும் விளைவுக்கும் தொடர்பு வேண்டும் என்பதே அறத்தின் அடிப்படை என்றால், தீட்டு அறக் கருத்தாக நிற்காது. அது பிறப்பின் பெயரால் வேலையையும் இழிவையும் பங்கிடும் ஏற்பாடு.