விருந்தாளியின் கழிவறை

நம்மூரில் லாட்ஜ் என்றால் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருப்பது. யெல்லோஸ்டோனில் அந்தச் சொல்லுக்கு வேறு மரியாதை. அங்குள்ள ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இன் 1904-ல் திறக்கப்பட்டது. அந்த வட்டாரத்து மரங்களையும் பாறைகளையும் கொண்டே எழுப்பிய கட்டடம். அறையில் தொலைக்காட்சி கிடையாது. பழைய பகுதியின் பல அறைகளுக்குக் குளியலறையும் கிடையாது. நடைவழியில் பொதுவாக இருப்பதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்த கோடையில் அங்கேதான் தங்கவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். மனைவி ஆர்.வி. எடுக்கலாம் என்றாள். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. எனக்கு அது கொள்கைப் பிரச்சினையாகத் தோன்றியது. வீட்டையே தூக்கிக்கொண்டு போனால் வீட்டை விட்டுக் கிளம்பியதாக எப்படி ஆகும்? 1964-ல் அமெரிக்கா இயற்றிய காட்டுநிலச் சட்டம், அத்தகைய நிலத்தில் மனிதனை வந்துபோகிறவனாக மட்டுமே கருதுகிறது. நம் ‘விருந்து’க்கும் பழைய பொருள் புதுமை. புதிதாகப் போகிறவன் அந்த இடத்தின் வசதிக்குறைவையும் ஏற்கவேண்டும். இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் விளக்கிக்கொண்டிருந்தேன்.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “நீங்க போயிட்டு வாங்கடா. நான் வீட்டுல இருந்துக்கறேன்” என்றார்.

அவருக்கு எழுபத்தொரு வயது. புராஸ்டேட் தொந்தரவு. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்தாக வேண்டும். அதை மருமகள் முன்னால் சொல்ல அவருக்குக் கூச்சம். அவள் சொல்லாமலே புரிந்துகொண்டிருந்தாள். எனக்குத்தான் புரியவில்லை. வசதியைத் துறப்பதைப் பற்றி நான் பேசியதெல்லாம் ஆரோக்கியமான சிறுநீர்ப்பையின் தத்துவம்.

ஆர்.வி.யே எடுத்தோம். பூங்காவுக்குள் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்புள்ள இடம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். கரடிகள் நடமாடும் பகுதி என்பதால் கூடாரம், துணிச்சுவர் வண்டி எதற்கும் அங்கே அனுமதியில்லை. ஹேடன் பள்ளத்தாக்கில் காட்டெருமைகள் சாலையை அடைத்து நின்றபோது அரைமணி நேரம் வண்டி நகரவில்லை. அப்பா எழுந்து பின்பக்கம் போனார், வந்தார், மறுபடி ஜன்னலோரம் உட்கார்ந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் நாள் கழிவுத்தொட்டியைக் காலி செய்வது என் வேலையானது. கையுறை போட்டு, தடித்த குழாயை மாட்டி, முதலில் கறுப்புத் தொட்டியைத் திறக்கவேண்டும். பிறகு பாத்திரம் கழுவிய, குளித்த நீர் நிற்கும் சாம்பல் தொட்டி; அந்த நீரே குழாயையும் கழுவிவிடும். நாலு பேர் ஒரு நாளில் எவ்வளவு கழிக்கிறோம் என்பதை முப்பத்தைந்து வயதில்தான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். லாட்ஜில் இதே கழிவு யாரோ ஒருவரின் கையால் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். நானும் எளிமையாக வாழ்ந்ததாக நினைத்துத் திரும்பியிருப்பேன்.

அதற்காக ஆர்.வி. புனிதமாகிவிடாது. அது காரைவிட நிறைய எரிபொருள் குடிக்கும். இணைப்பில்லாத முகாமில் ஒருவன் தன் குளிர்சாதனத்துக்காக ஜெனரேட்டர் ஓட்டினால், பக்கத்துக் கூடாரக்காரன் அந்த இரைச்சலைச் சுமக்கவேண்டும். ஆகவே எவ்வளவு வசதியோடு போகிறோம் என்பதல்ல, அந்த வசதியின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே கேள்வி என்று இப்போது நினைக்கிறேன்.

‘வந்துபோகிறவன்’ என்ற சொல்லுக்கும் விலை உண்டு. 1872-ல் பூங்கா உருவாவதற்கு வெகுகாலம் முன்பே, மலையாடுகளை வேட்டையாடி வாழ்ந்த டுக்குடிக்கா ஷோஷோனி மக்களுக்கு அது வீடு. அவர்கள் வெளியேற்றப்பட்ட பிறகுதான் மற்றவர்கள் அங்கே விருந்தாளிகளானோம். அப்படிப்பட்ட இடத்தில் நின்று வீட்டைத் தூக்கிவருவது தவறு என்று அப்பாவுக்குப் பாடம் எடுக்க எனக்கு என்ன தகுதி?

கடைசி இரவு தூக்கம் கலைந்து பார்த்தேன். அப்பா வண்டிப் படியில் கம்பளியோடு உட்கார்ந்திருந்தார். “என்னப்பா, மறுபடியுமா?” என்றேன்.

“அதுக்குத்தான் எழுந்தேன்” என்றார். “நட்சத்திரத்தப் பார்த்துட்டு உட்கார்ந்துட்டேன்.”