விளக்கைப் போட்ட பிறகு

நான் சிறு பையனாக இருந்த காலத்தில், சினிமாக் கொட்டகையில் மெயின் படத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் சர்க்கார் படம் ஒன்று ஓடும். 1948-இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் எடுத்துக் குவித்த டாக்குமெண்டரிகளில் ஒன்று. அதைக் காட்டித்தான் ஆகவேண்டும் என்று கொட்டகைக்காரருக்கு லைசென்ஸ் நிபந்தனை உண்டு. பார்த்துத்தான் ஆகவேண்டும் என்று ஜனங்களுக்கு நிபந்தனை இல்லை. ஆகவே திரையில் அணைக்கட்டு எழும்பிக்கொண்டிருக்கும்போது பெரியவர்கள் வெளியே பீடி பிடிப்பார்கள். எங்களைப் போன்ற வாண்டுகள் முறுக்குக்காரனைச் சுற்றி நிற்போம்.

அப்படி எழுந்துபோய்ப் பழகிய ஜனங்களை அழைத்து உட்காரவைத்து, டாக்குமெண்டரி ஒன்றை மட்டுமே போட்டுக் காட்டி, "முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரம் பேசலாம்" என்று கேட்டுக்கொள்கிற இளைஞர்கள் இன்றைக்கு ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். பேரணாம்பட்டில் அப்படிப்பட்ட நாலு பேர்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தோல் பதனிடும் ஊர் என்று தெரிந்துகொள்ள அங்கே யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை, காற்றே சொல்லிவிடும். ஒரு பக்கம் மலைப்பாதை ஏறினால் ஆந்திரம். வந்தவர்களில் பாதிப்பேர் தோல் ஷாப்பில் வேலை முடித்து நேரே வந்தவர்கள். பெண்கள் சிலர் பீடி முறத்தை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். படம் பார்க்கிற கண்ணும் இலை சுற்றுகிற கையும் அவரவர் வேலையைப் பார்த்தன.

காட்டிய படம் பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த 'ராமையாவின் குடிசை.' 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் நடந்ததை, உயிர் பிழைத்தவர்களையே பேசவைத்துச் சொல்லுகிற படம். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டவர்களின் சேரிக்குள் துப்பாக்கிகளோடு நுழைந்து சுட்டார்கள். பயந்து ஒரு குடிசைக்குள் ஒடுங்கியவர்களை வெளியே வரவிடாமல் தீ வைத்தார்கள். இறந்தவர்கள் 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1973-இல் ஹைகோர்ட் மிராசுதார்களை விடுதலை செய்தது. அவ்வளவு பெரிய நிலச்சுவான்தார்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது தீர்ப்பில் சொன்ன காரணங்களில் ஒன்று.

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு பேச்சு ஆரம்பித்தது. ஒருவர் மிராசுதார்களைத் திட்டினார். இன்னொருவர் கோர்ட்டைத் திட்டினார். மூன்றாமவர் அந்தக் காலத்து சர்க்காரைத் திட்டினார். யாரும் யாரையும் மறுக்கவில்லை. எல்லோரும் ஒரே குரலில் நல்லவர்களாக இருந்தோம். நானும் எழுந்து அழகாக நாலு வார்த்தை சொன்னேன், கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் எனக்கு என்னமோ ஒரு கூச்சம். ஐம்பது வருஷத்துக்கு முந்திய பாவத்தைக் கண்டிக்க என்ன தைரியம் வேண்டியிருக்கிறது?

அப்போதுதான் பின்வரிசையில் ஒரு கிழவி வாயைத் திறந்தாள்.

"ஏன் தம்பி, தஞ்சாவூரு சனத்துக்கு ஒரு படம் எடுத்தாங்க, சரி. நம்ம பக்கத்து மலையிலேருந்து மரம் வெட்டப் போயி செத்தாங்களே, அதுங்களுக்கு இன்னா படம் காட்டுவீங்க? என் மாப்பிள்ளையோட தம்பி ரெண்டு தபா போயி வந்தவன். மூணாந்தபா காய்ச்சல்னு படுத்துட்டான். அதனால உசுரோட கீறான்."

அவள் சொன்னது எது என்று எல்லோருக்கும் தெரிந்தது. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி, திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திரப் போலீசார் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அத்தனை பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தவர்கள். கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். முதல் நாளே பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்றார்கள் தப்பிப் பிழைத்தவர்கள். அவர்களில் ஒருவர் பிழைத்த விதம் விசித்திரமானது. பஸ்ஸில் அவர் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். இருவரும் ஒன்றாக வந்தவர்கள் என்று எண்ணிப் போலீசார் விட்டுவிட்டார்களாம்.

கிழவி பேசி முடிப்பதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு நடுவயதுக்காரர் திரும்பினார். சற்று முன் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். "அதையும் இதையும் ஒண்ணாச் சேக்காதீங்கம்மா. இவங்க கூலி கேட்டவங்க. அவங்க திருடப் போனவங்க."

"திருடினா ஜெயில்ல போடு. சுடுவியா?" என்றான் ஒரு பையன்.

"ஜெயில்ல போட்டா திரும்பப் போறாங்களே?"

"உங்க வீட்டுப் பையன் போயிருந்தா?"

"எங்க வீட்டுப் பையன் ஏன் போறான்?"

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. என்னைக் கூப்பிட்டிருந்த இளைஞர்கள், அதிலும் மைக்கைப் பிடித்திருந்தவன், தவித்துப் போய் என்னைப் பார்த்தார்கள். என்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த ராத்திரியில் உண்மையான சம்பாஷணை என்று ஏதாவது நடந்தது என்றால், அது அந்தக் கால் மணி நேரந்தான்.

அந்த நடுவயதுக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். மனசாரச் சொல்லப்போனால், 2015-இல் பத்திரிகையைப் பிரித்த அன்று எனக்குள்ளும் அதே வார்த்தை அரைக்கணம் எழுந்து அடங்கியது. நம்முடைய இரக்கம் இறந்தவனிடம் முதலில் நன்னடத்தைச் சர்ட்டிபிகேட் கேட்கிறது. குழந்தை என்றால் உடனே கண்ணீர். கூலி கேட்டவன் என்றால் கொஞ்சம் யோசித்துக் கண்ணீர். மரம் வெட்டியவன் என்றால் "அவன் ஏன் அங்கே போனான்?" என்ற கேள்வி. செம்மரத்தை வெட்டினவனுக்கு வனச் சட்டம் சிறையும் அபராதமும் விதிக்கிறது. மரண தண்டனை விதிக்கவில்லை. சட்டம் எழுதினவர்களுக்குத் தோன்றாத தண்டனை, காப்பி குடித்துக்கொண்டே பத்திரிகை படிக்கிற எனக்கு எப்படி அரைக்கணம் நியாயமாகத் தோன்றிற்று?

படம் எடுக்கிறவர்களும் இந்தப் பலவீனத்துக்குத் துணைபோகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். மாசற்றவர்களின் மரணத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள். அதில் தவறில்லை, கீழ்வெண்மணியைச் சொல்லாமல் விட்டால்தான் தவறு. ஆனால் சுலபமாக அழக்கூடிய படத்தைப் பார்த்து அழுதுவிட்டு, நம் மனசு சுத்தமாகிவிட்டது என்று வீட்டுக்குப் போகிறோமே, அங்கேதான் கோளாறு.

இந்த விஷயத்தில் அமெரிக்காக்காரர்கள் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே துப்பாக்கி சர்க்காரிடம் மட்டும் இல்லை, வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. 2021-இல் மட்டும் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கு மேல். அதில் பாதிக்கு மேல் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். 2015-இல் அபிகெய்ல் டிஸ்னி என்ற அம்மையார் 'தி ஆர்மர் ஆஃப் லைட்' என்று ஒரு டாக்குமெண்டரி எடுத்தார். பெட்ரோல் பங்கில் பாட்டுச் சத்தம் பற்றிய தகராறில் சுடப்பட்ட 17 வயதுப் பையனின் தாய் அதில் வருகிறார். ஆனால் கதையை நடத்திச் செல்லுகிறவர் ஒரு பாதிரியார். கருச்சிதைவை எதிர்த்துப் போராடியவர், துப்பாக்கி வைத்திருப்பதைப் பிறப்புரிமையாக நினைக்கிற கூட்டத்தின் நடுவிலேயே வாழ்ந்தவர். கருவிலிருக்கும் உயிர் புனிதம் என்கிற நாம், துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிற உயிரைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று தம் கூட்டத்தாரையே அவர் கேட்கிறார். அந்தப் படத்தை மாதா கோயில்களிலேயே போட்டுக் காட்டிப் பேசினார்கள். துப்பாக்கி வேண்டாம் என்கிறவர்களைக் கூட்டிவைத்துக் காட்டியிருந்தால் எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைந்திருப்பார்கள்.

இதற்கெல்லாம் கூட்டம் எதற்கு, கையிலேயே படம் இருக்கிறதே என்று கேட்கலாம். 2018 மே 22-இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் மீது போலீசார் சுட்டபோது, வேன்மேல் ஏறித் துப்பாக்கியைக் குறிபார்த்த ஒருவரின் படத்தை அன்றைக்கே நாடெல்லாம் செல்போனில் பார்த்தது. 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் 2022-இல் அறிக்கை கொடுத்து, அந்தத் துப்பாக்கிப் பிரயோகத்துக்கு முகாந்திரமே இல்லை என்றது. அந்தப் படத்தை நானும் பார்த்தேன். கட்டை விரலால் தள்ளினேன். அடுத்து ஒரு பூனை வந்தது. தனியாகப் பார்க்கிறவனை யாரும் திரும்பிப் பார்த்து "உங்க வீட்டுப் பையன் போயிருந்தா?" என்று கேட்பதில்லை.

பேரணாம்பட்டுக் கூட்டத்தில் இன்னொரு மனிதரையும் பற்றிச் சொல்லவேண்டும். சுவரோரமாகக் கடைசி வரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே டீக்கடையில் அவராகவே என்னிடம் வந்தார். ரிட்டையர் ஆன போலீஸ்காரர்.

"நானும் ஒரு தடவை சுட்டிருக்கேன் சார். ஆர்டர் வந்துச்சு, சுட்டோம். ஆறு பேரு சுட்டோம், ஒருத்தன் விழுந்தான். லத்தியால அடிச்சா யாரு அடிச்சதுன்னு அடிச்சவனுக்குத் தெரியும். துப்பாக்கியில அது தெரியாது."

"ஒருவிதத்தில் நல்லதுதானே?" என்றேன், அசட்டுத்தனமாக.

"அப்படித்தான் அன்னிக்கு எங்களுக்குள்ள சொல்லிக்கிட்டோம்" என்றார். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்; குடிக்கவில்லை. "உள்ளே இதைச் சொல்லலாம்னுதான் வந்தேன். அந்தம்மா பேசினப்புறம் சொல்ல வாய் வரலே."

அவர் அதை உள்ளே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடித்திருப்பார்களோ, அழுதிருப்பார்களோ, தெரியாது. சுட்டவனும் சுடப்பட்டவனின் உறவுக்காரியும் ஒரே பாயில் உட்கார்ந்து படம் பார்த்தார்கள் என்பதே அந்த இளைஞர்களுக்குத் தெரியாது. நான் சொன்ன பிறகுதான் தெரிந்தது. மறுபடியும் ஒரு நாள் அவரை அழைக்கப்போவதாகச் சொன்னார்கள். அழைக்கலாமா, அது அவருக்குச் செய்கிற கொடுமை ஆகாதா என்று அங்கேயே ஒரு விவாதம் மூண்டது. ஹால் காவல்காரர் சாவியைக் குலுக்கிக்கொண்டு நின்றார். ஆம்பூர் போகிற கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ஐந்து நிமிஷந்தான் இருக்கிறது என்றார். பையன்கள் நகரவில்லை. எதிர்ப்பக்கம், பீடி முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அந்தக் கிழவி, முன்வரிசைக்காரரை வழிமறித்து இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.